தராசும் சோறும்

எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அண்மையிற் கல்முனைக் கடைத்தெருவிற் சிறியதொரு மின்தராசு வாங்கினார். அவருக்கு நீரிழிவு கண்டிருந்தது. உடல் நிறையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வைத்தியர் பணித்திருந்தார். நாளொன்றுக்கு 1,600 கலோரிக்கு மேற்படலாகாது என்பது கட்டளை. நண்பர் கணக்கில் நேர்த்தியானவர். அரிசி, பாண், பருப்பு, மீன் என்று யாவற்றையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார். முதல்நாட் காலையில் அரிசியைத் தராசிலிட்டுக் கிராம் பார்த்துக்கொண்டிருந்தவரை நோக்கி, அடுக்களை வாயிலில் நின்ற அவருடைய உம்மா கேட்டாராம்: "ஆருக்கு மகன் கூப்பன் அரிசி நிறுக்கிறாய்?"

நண்பர் இதனை வேடிக்கையாகவே எம்மிடம் கூறினார். எமக்கோ அக்கேள்வி மனத்தை விட்டகலவில்லை. எழுபதைக் கடந்த அத்தாய்க்கு அரிசியை நிறுப்பது என்பது சங்கக்கடை, கூப்பன் புத்தகம், வெயிலில் நீண்ட வரிசை. மகனுக்கோ அது மிகுதியை வெட்டும் கருவி. ஒரு மனிதனுக்கு இவ்வளவு உணவு போதும் என்று நிறுத்துக் கூறும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதன் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால், மெலிய விரும்பிய செல்வரை நாம் முதலிற் சந்திப்பதில்லை. சிறைச்சாலையையும் பஞ்ச நிவாரண முகாமையுமே சந்திக்கிறோம். (இத்தாலியின் பதுவா நகரில் சங்டோரியஸ் என்ற மருத்துவர், தராசிற் கட்டிய நாற்காலியில் அமர்ந்து தாம் உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்து 1614இல் நூலெழுதினார் என்பது மெய்யே. அவர் தம்மைத் தாமே நிறுத்தார்; நாம் சொல்ல வந்தது பிறரை நிறுத்தவர்களைப் பற்றி.)

எமது கரையில் உணவை அளக்கும் வழக்கம் பழையதுதான். நெற்களத்திற் பொலியை அளப்பவன் 'ஒன்று' என்று தொடங்காது 'லாபம்' என்று தொடங்குவது தமிழ் நிலமெங்கும் கண்ட மரபு. போடியாரின் பங்கும் முல்லைக்காரனின் பங்கும் அளவையாலேயே தீர்ந்தன. மரைக்காலின் விளிம்பை மட்டந்தட்டுவதா குவித்து விடுவதா என்பது வட்டையில் என்றும் அற்பமான கேள்வியாக இருந்ததில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. நோன்புப் பெருநாளுக்கு முன்னர் தலைக்கு ஒரு ஸாஉ அளவு அரிசி ஏழைக்குச் சேர வேண்டும் என்பது எமதூர்களின் நடைமுறை. ஒரு ஸாஉ என்பது நான்கு முத். ஒரு முத் என்பது நடுத்தர மனிதனின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. ஈண்டு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இவ்வளவை கொடுப்பவனைக் கட்டுப்படுத்துகிறது. இதற்குக் குறையக் கொடாதே என்கிறது. பெறுபவனை நோக்கி, இதற்கு மேல் உண்ணாதே என்று அது கூறவில்லை. அவ்வாறு கூறும் அளவை பின்னரே வந்தது. வந்த ஆண்டையும் இடத்தையும் ஓரளவு துல்லியமாகவே சுட்டலாம்.

1876இல் பருவமழை பொய்த்துத் தென்னிந்தியாவிற் பெரும்பஞ்சம் தோன்றியது. 1877ஆம் ஆண்டின் முதல் நாளன்று தில்லியிற் பேரவை கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக வைசிராய் லிட்டன் பிரகடனம் செய்துகொண்டிருந்தபொழுது, சென்னை மாகாணத்தின் வீதிகளில் மக்கள் விழுந்து மடிந்துகொண்டிருந்தனர். நிவாரணச் செலவைச் சுருக்குமாறு லிட்டன் அனுப்பிய தூதுவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கல்நெஞ்சராகவே பிறந்தவர் என்று எண்ணிவிடலாகாது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1874இல், பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கி, பட்டினிச் சாவு மிக அரிதாகும்படி செய்தவர் இவரே. அதற்குக் கிடைத்த பரிசு கண்டனம்: அரசாங்கப் பணத்தை வீணடித்தார் என்று இலண்டனிலும் கல்கத்தாவிலும் ஏசினர். உயிரைக் காத்ததற்காகப் பழி சுமந்தவர், அடுத்த முறை பணத்தைக் காத்துப் புகழடைய முற்பட்டார். தனிமனிதனின் குணத்தைவிட அவன் சேவிக்கும் அமைப்பு வலியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

டெம்பிள் சென்னைக்கு வந்து விதித்த கூலி: வேலை செய்யும் ஆணொருவனுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் தானியமும், அதனுடன் ஓரணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இதனினும் குறைவு. இதனைப் பெற்றவர்கள் வீட்டிலிருந்து பெற்றாரல்லர். மண் சுமந்து, கல்லுடைத்து, கால்வாய் வெட்டிப் பெற்றனர். இதனை எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் டொக்டர் கோர்னிஷ். சிறையிற் கடுந்தண்டனைக் கைதிக்குக் கொடுக்கும் உணவினும் குறைந்ததைக் கொடுத்துச் சுதந்திர மனிதனிடம் வேலை வாங்கலாகாது என்பது அவருடைய வாதம். ஒன்றரை றாத்தல் தானியமும் அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். மார்ச் மாதத்தில் மாகாண அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் றாத்தல் தானியம், ஒன்றரை அவுன்சு பருப்பு. பம்பாய் மாகாணத்தில் மக்கள் டொக்டர்களின் வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு றாத்தற் கூலியை ஏற்க மறுத்து ஆயிரக்கணக்கில் நிவாரண வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனாவின் சார்வஜனிக் சபை அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. பட்டினி கிடப்பவனும் வேலைநிறுத்தம் செய்வான் என்பதனை ஆட்சியாளர் அன்று கண்டனர்.

அன்றைய நிவாரண அலுவலகங்களிற் கலோரி என்னும் சொல் வழங்கவில்லை. றாத்தலும் அவுன்சுமே அவர்களுடைய மொழி. ஆயின் இன்று நாம் அதனைக் கணக்கிட முடியும். சமைக்காத அரிசி நூறு கிராமில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. ஒரு றாத்தல் 454 கிராம். பெருக்கிப் பார்த்தால் 1,590 வருகிறது. இப்பஞ்சங்களின் வரலாற்றை எழுதிய மைக் டேவிஸ் 2001இல் வெளியான தமது நூலில் டெம்பிள் கூலியை 1,627 கலோரி என மதிப்பிட்டார். அதே டெம்பிள் 1874இல் வங்க மாகாணத்தில் வழங்கியது 2,500. 1944இல் நாஜிகளின் பூகன்வால்ட் முகாமிற் கைதிக்குக் கிடைத்தது 1,750. கடும் உழைப்பில் ஈடுபடும் இந்திய ஆணுக்கு வேண்டியதோ 3,900. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பது குறைந்த கணக்கு. தப்பியோரிற் பெருந்தொகையினர் கடல் கடந்து எமது மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அங்கும் அரிசி அளந்தே கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

வாசகர் இதற்குள் கவனித்திருப்பர்: எமது நண்பரின் தாளில் வைத்தியர் எழுதிய எண்ணும் டெம்பிள் நிறுத்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. அதன் பொருட்டு வைத்தியரைக் குறை கூறுவதற்கில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்து, பல்லாண்டு மிகையுணவைக் கொழுப்பாகச் சேமித்து வைத்திருப்பவர் அவ்வெண்ணிற் சில மாதம் வாழலாம். வாழ்ந்தால் நன்மையும் உண்டு. சேமிப்பு ஏதுமற்ற எலும்புக்கூடொன்று அவ்வெண்ணில் மண் சுமக்க முடியாது.

கலோரியை உணவின் நாணயமாக்கியவர் அமெரிக்கரான வில்பர் அட்வாட்டர். ஜெர்மனியிற் பயின்று திரும்பிய இவர், 1890களில் கனெடிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மனிதன் உட்புகுந்து நாட்கணக்கில் உண்டு உறங்கி உழைக்கக்கூடிய சிறு அறையொன்றை அமைத்து, அவனுடைய உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். ஒரு கிராம் புரதத்துக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது, மாப்பொருளுக்கு நான்கு என்று இன்றும் உணவுப் பொதிகளில் நாம் காணும் கணக்கு அவருடைய ஆய்விலிருந்து வந்ததே. விஞ்ஞானம் என்ற முறையில் அது பெருஞ்சாதனை. எனினும் எந்தக் கேள்விக்கு விடையாக அது பிறந்தது என்பதனையும் நோக்க வேண்டும். தொழிலாளி தன் கூலியை விலையுயர்ந்த உணவில் வீணாக்குகிறான், மலிந்த உணவிலேயே வேண்டிய சக்தியைப் பெறலாம் என்று அட்வாட்டர் நம்பினார், எழுதினார். கூலி உயர்வு கேட்பவனுக்கு இதனைவிட இதமான பதில் முதலாளிக்குக் கிடைத்திருக்குமா?

இந்தியாவுக்கு அக்கணக்கு குன்னூர் ஆய்வுகூடத்தின் வழியாக வந்தது. அங்கு மக்கரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டி நிறுத்துப் பார்த்தார். சீக்கியரின் உணவை உண்ட எலி கொழுத்தது. வங்காளியினதும் மதராசியினதும் உணவை உண்ட எலி நலிந்தது. வீரமரபினர், வீரமற்றோர் என்று குடிகளைப் பிரித்து வைத்திருந்த ஆட்சிக்கு இதில் ஒரு பாடம் இருந்தது; மரபு எலியிடம் இல்லை, தட்டிலேயே இருந்தது! அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் போசணைப் பட்டியலை வெளியிட்டார். அரிசி, கேழ்வரகு, கருவாடு, முருங்கைக்கீரை என்று எமது அடுக்களைப் பொருள்கள் எண்களாக மாறின. நண்பரின் கைப்பேசியில் இன்று இருக்கும் பட்டியல்களுக்கு அது பாட்டன்.

இனி, அத்தாய் நினைவூட்டிய கூப்பனுக்கு வருவோம். இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேற்பட்டதை வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து, வாங்கியே உண்டு வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அது நின்றது, பங்கீடு வந்தது. போர் முடிந்தபின்னரும் அது நீடித்தது. ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ இரண்டு றாத்தல் என்னும் கணக்கு ஒவ்வொரு குடும்பத்தின் அரசியற் கணக்குமாயிற்று. 1953இல் அக்கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சென்னையில் 1877இல் தோற்றது கொழும்பில் 1953இல் ஓரளவு வென்றது எனலாம். வேறுபாடு வாக்குரிமையும் தொழிற்சங்கமும்.

1966 டிசம்பரில், வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு, அந்த ஒன்று இலவசமாயிற்று. நாட்கணக்கிற் பார்த்தால் அது ஆளொன்றுக்கு ஏறத்தாழ 450 கலோரி. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாவது கொத்து ஒரு பெரும் வாக்குறுதி. 1973இல் உலகச் சந்தையில் விலை ஏறப் பங்கு மீண்டும் சுருங்கிற்று. ஊருக்கு ஊர் அரிசி கொண்டுசெல்வோரை மறித்துச் சோதிக்க வீதிகளிற் காவலிட்டனர். நெல் விளையும் எமது வட்டைகளின் நடுவே, உறவினர் வீட்டுக்கு அரிசிப் பை சுமந்தவன் கள்ளக்கடத்தற்காரன் ஆன காலம் அது. நண்பரின் உம்மா அன்று இளம்பெண். சங்கக்கடைத் தராசின் முள் நடுவில் நிற்குமுன்பே தட்டைத் தூக்கிவிடுவார்கள் என்று அவர் இன்றும் சொல்கிறார். 1978இற் பங்கீடு வறியோருக்கு மட்டும் என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசியே போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதப்பட்டிருந்தது றாத்தல் அன்று, ரூபா. விலைவாசி ஏற ஏற ரூபா மெலிந்தது. அதனோடு அடிமட்டக் குடும்பங்களின் கலோரியும் மெலிந்தது. தராசு இல்லாமலே மனிதனை மெலிவிக்கும் வழி இது.

மெலிய விரும்புவோரின் கைக்குத் தராசு எப்பொழுது வந்தது? 1918இல் அமெரிக்க மருத்துவரான லூலு ஹண்ட் பீற்றர்ஸ் என்ற பெண்மணி கலோரி எண்ணி உண்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது பல இலட்சம் பிரதிகள் விற்றது. தாமே எழுபது றாத்தல் குறைத்தவர் அவர். இனி ஒரு துண்டுப் பாண் என்று சொல்லாதீர்கள், நூறு கலோரிப் பாண் என்று சொல்லுங்கள் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம். முதல் உலகப்போரின் இறுதிக்காலம் அது; கொழுத்திருப்பது தேசத்துரோகம் என்னும் அளவுக்கு அங்கு பேச்சு நடந்தது. பட்டினிக்காரனுக்கு மேல்வரம்பாக விதிக்கப்பட்ட எண், உண்டு நிறைந்தவன் தனக்குத் தானே விதிக்கும் வரம்பாக மாறிய கட்டம் இது. இதில் ஒரு நேர்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். பிறர் தட்டை நிறுப்பதைவிடத் தன் தட்டை நிறுப்பது மேல்.

அந்த எண் மனத்தை என்ன செய்யும் என்பது 1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் தெரியவந்தது. போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர், போரினால் நலிந்த ஐரோப்பியருக்கு உணவூட்டும் முறையை அறிவதற்காகத் தாமாகவே பட்டினிப் பரிசோதனைக்கு உட்பட்டனர். ஆறு மாதம் நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. மீண்டும் டெம்பிளின் எண்! அவர்கள் நிறையிற் காற்பங்கை இழந்தனர். உணவைத் தவிர வேறெதனையும் சிந்திக்க முடியாதவராயினர். சமையற் புத்தகங்களை நாவல் போலப் படித்தனர். திடகாத்திரமான, விரும்பி வந்த, மருத்துவர் சூழ இருந்த இளைஞரின் நிலை இது.

எண்ணுவதானால் சரியாக எண்ண வேண்டும் என்பதனையும் இங்கு சொல்லிவிடுகிறோம். நண்பர் முதல் மாதம் முழுவதும் எண்ணினார், நிறை அசையவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்தபொழுது பிழை தெரிந்தது. சமைத்த சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 130 கலோரியே உண்டு, சமைக்காத அரிசியில் 350. சில நாள் அரிசியை நிறுத்துச் சோற்றின் எண்ணையும், சில நாள் சோற்றை நிறுத்து அரிசியின் எண்ணையும் எழுதியிருந்தார். கறியிலிட்ட தேங்காய்ப்பாலும் தாளித்த எண்ணெயும் கணக்கிலேயே இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி. நாமும் வகுப்பு மாணவரைக் கொண்டு விஞ்ஞானகூடத் தராசிற் சுண்டரிசியை நிறுத்துப் பார்த்தோம். மட்டந்தட்டிய சுண்டு அரை றாத்தலுக்கு அண்மையில் நிற்கிறது. குவித்தால் எட்டில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. போடியாரும் முல்லைக்காரனும் அறிந்த அதே உண்மை! கலியாண வீட்டிற் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் அனைவரும் உண்ட அன்று நண்பர் கொப்பியில் வெறும் கோடிட்டிருந்தார். அது ஒன்றே அம்மாதத்தில் நேர்மையான பதிவு என்று சொல்லிச் சிரித்தோம். இப்பிழை அவருக்கு மட்டும் உரியதன்று. எவ்வளவு குறைத்துண்டும் மெலியவில்லை என்று முறையிட்ட சிலரை அமெரிக்க ஆய்வாளர் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டனர்: அவர்கள் தாம் உண்டதாக எழுதியது, உண்மையில் உண்டதைவிட 47 சதவீதம் குறைவு. ஏமாற்றும் நோக்கம் தேவையில்லை. கண்ணும் நாவும் போதும்.

எமது நாட்டில் இக்கணக்குக்கு அவசியம் இல்லை என்று எவரும் கூற முடியாது. 2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வில் வளர்ந்தோரில் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருக்கக் கண்டனர். அதே காலத்தில் அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக்கோட்டை வகுத்தது. அதுவும் கலோரியிலேயே நின்றது. ஒருவருக்கு நாளுக்கு 2,030 கலோரியும், உணவல்லாத சில தேவைகளும். 2002ஆம் ஆண்டு விலையில் மாதம் 1,423 ரூபா. அதற்கு ஒரு ரூபா மேலே இருந்தவன் வறியவனாகக் கொள்ளப்படவில்லை. எந்த வேலை செய்பவனுக்கு 2,030? கரைவலை இழுப்பவனுக்கா, வகுப்பறையில் நிற்கும் எமக்கா? சராசரி என்பார்கள். டெம்பிளும் சராசரி மனிதனுக்கே நிறுத்தார். ஊரின் தாய்சேய் நிலையத்தில் மாதந்தோறும் இன்னொரு தராசு தொங்குகிறது. அதிலே குழந்தையைத் தொட்டிலிட்டு, நிறை கூடியிருக்க வேண்டுமே என்று மூச்சடக்கி முள்ளைப் பார்க்கும் தாய்மாரிற் சிலர், நிறை குறைய வேண்டுமே என்று மின்தராசு வாங்கியவரின் தெருவிலேயே குடியிருக்கின்றனர். 2022இல் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது அவ்விரு தராசுகளுக்குமிடையிலான தூரம் எவ்வளவு என்பதனை வகுப்பறையில் நாம் கண்டோம். காலையில் மயங்கி விழுந்த மாணவர் எவரும் கலோரி எண்ணியவரல்லர்.

நண்பர் இப்பொழுது சரியாக எண்ணுகிறார். நிறையும் இறங்கி வருகிறது. அண்மையில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது உம்மா உலைக்கு அரிசி எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல, களையுமுன் ஒரு பிடியை அள்ளித் தனியே வைத்திருக்கும் பானையிற் போடப் போனார். நாளடைவில் நிரம்பியதும் அது இல்லாத வீடொன்றுக்குப் போகும். நண்பர் விளையாட்டாக அப்பிடியரிசியைத் தராசில் வைக்கச் சொன்னார். நாற்பத்தெட்டுக் கிராம். மறுநாளும் வைக்கச் செய்தார், நாற்பத்தேழு. கண்பார்வை மங்கிய அந்தக் கை அறுபதாண்டாக இதே அளவை அள்ளி வருகிறது போலும். கொப்பியை விரித்து, ஏறத்தாழ நூற்று எழுபது கலோரி என்று நண்பர் கணக்கிட்டார். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சற்று யோசித்துவிட்டு, எழுதாமலே மூடி வைத்தார்.